பின் சக்கரத்துக் கல்

வரதனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. கல்மண்டபத்தில் பதினெட்டு வருடமாக வண்டி சாமான் கடை வைத்திருப்பவள் நான், ராமசெல்வி. ஒரு மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்பது அவன் என்ன வாங்குகிறான் என்பதிலேயே தெரிந்துவிடும். கடைக்கு எதிரே தகர ஷெட் போட்டு, 'பிரேக் ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை எழுதி, பதினொரு வருடம் தொழில் செய்தான் வரதன். அந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் ஒரு கேலிப்பர் கிட் வாங்கியதில்லை. ஒரு பிஸ்டன் ரப்பர் வாங்கியதில்லை. கார் வேலைக்கென்று வாங்கியதெல்லாம் சைக்கிள் சக்கரத்துக்குள் போடுகிற இரும்புக் குண்டு. அதைப் பிடி பிடியாக வாங்குவான்.

எங்கள் பக்கத்தில் பிரேக் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காற்று. நாலு நாள் நிறுத்தின வண்டியில் துரு ஏறிவிடும். அதிலும் பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள பழைய வெளிநாட்டுக் கார் என்றால் தொலைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு மாதம் நிறுத்தினால், பிரேக் பேடைச் சக்கரத் தட்டின் மேல் அமுக்குகிற கேலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் துருவேறி அப்படியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் விடாது. ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை போவதற்குள் சக்கரம் கொதிக்கும், தீய்ந்த வாடை வரும். முறைப்படி செய்தால் கேலிப்பரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, ரப்பர் மாற்றி, நகர்கிற இடத்துக்கெல்லாம் கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. கை கறுக்கும், இடுப்பு ஒடியும்.

வரதன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். சட்டைகூட அழுக்காகாது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் விபூதி. ரேஷன் ஆபீசர் என்று நினைத்து ஒரு கிழவி அவனிடம் கார்டை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவனும் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளிக்கு வாம்மா" என்றான்.

எனக்கும் ஆவல் இருக்காதா? ஒரு நாள் கேட்டேன்.

"ஏம்ப்பா வரதா, எதுக்கு இம்புட்டு குண்டு? சைக்கிள் கடையா வைக்கப் போற?"

"வண்டிக்குத்தாங்க்கா." அக்கம் பக்கம் பார்த்தான். பெருமை தாங்கவில்லை, சொல்லிவிட்டான். "பின்னாடி போற பைப்ப கயட்டி, உள்ள ஒரு குண்டப் போட்டு, நட்ட டைட் பண்ணிடுவேன். ஆயிலே போவாது. ஆயிலு போனாத்தான பிரேக்கு புடிக்கும்? புடிச்சாத்தான ஜாம் ஆவும்? பேட ரெண்டையும் நெம்பி எடுத்துத் தூரப் போட்டுட்டா சக்கரம் ஷோக்கா சுத்தும். மேட்டர் ஓவர்."

"அப்போ பின்னால பிரேக்கே கெடையாதே!"

"அதான் முன்னாடி கீதுல்ல?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, கேட்ட குண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இந்த வித்தையாவது அவன் சொந்தமாகக் கண்டுபிடித்ததா என்றால், அதுவும் இல்லை. புளியந்தோப்பில் பிறந்து, துறைமுகத்தில் காண்ட்ராக்ட் கூலியாகக் கிரேனுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவன். அங்கே ஒரு லாரி டிரைவர், பிரேக் ஆயில் ஒழுகின சக்கரத்துக்கு வழியில் இப்படிக் குண்டு போட்டு அடைத்ததைப் பார்த்திருக்கிறான். அந்த டிரைவர் வீடு போய்ச் சேருவதற்காகப் போட்டான். மறுநாள் எடுத்துவிட்டு ஒழுங்காக ரிப்பேர் பார்த்திருப்பான். நம்ம ஆள் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் தொழில் ஆரம்பித்துவிட்டான். அரைகுறையாகப் பார்த்தவன் ஆசாரி ஆனால் வீடு எப்படி நிற்கும்?

ஆனால் நின்றது. அதுதான் எனக்கு ஆத்திரம். பின்னால் ஆயில் போகாவிட்டால் மிதி கல்லு மாதிரி இறுகிவிடும். மிதித்துப் பார்க்கிற முட்டாள்களுக்கு அது நல்ல பிரேக் என்று தோன்றும். "வரதன் கை வச்சா தனி தாம்பா" என்பார்கள். எல்லாரும் படித்தவர்களாக, கப்பல் ஏஜென்ட், வங்கி மேனேஜர், டாக்டர் வரைக்கும் வருவார்கள். ஒருவனாவது குனிந்து சக்கரத்தைப் பார்த்ததில்லை. ஏன் பார்ப்பார்கள்? பேன்ட் மடிப்பு கலைந்துவிடுமே. பக்கத்துத் தெருவில் பீம்ராவ் என்று ஒருவர் நாள் முழுக்க வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு உண்மையாக வேலை பார்த்தார். அவரிடம் போனவர்கள் "ரொம்ப லேட் பண்றாரு" என்று வரதனிடம் வந்து சேர்ந்தார்கள்.

பேட் இல்லாத சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது அல்லவா? அதற்கும் வரதன் ஒரு வழி வைத்திருந்தான். வண்டியை ஒப்படைக்கும்போது டாக்டர் பத்தியம் சொல்வது போல் குரலைத் தாழ்த்திச் சொல்வான்.

"சார், இது கடலோரம். இங்க ஹேண்ட் பிரேக்கே போடக் கூடாது. போட்டா மறுபடியும் ஜாம் ஆயிடும். நிறுத்துனா பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சிடு."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். பாதி உண்மைகூட. அதனாலேயே எல்லாரும் நம்பினார்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் டிக்கியில் கல் வைத்திருக்கிற காரைப் பார்த்தால் அது வரதன் தொட்ட வண்டி என்று நான் தெரிந்துகொள்வேன். சில பேர் அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்து வைத்தார்கள். ஆயுத பூஜைக்குக் கல்லுக்கும் சந்தனம் குங்குமம். ஏமாறுவதைக்கூடப் பக்தியோடு செய்கிற ஜனங்கள் நம் ஜனங்கள்.

அந்தக் கார்களில் முன்னால் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் போதும், நிறுத்துவதற்கு வேறு எதுவும் கிடையாது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதில்தான் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரியும். நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது என்று நான் என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்தான். சைக்கிள் பிரேக் ரப்பர். மாதம் ஒரு ஜோடி என்னிடம் வாங்கித் தன் சைக்கிளுக்கு மாற்றுவான். அவன் மகள் எழில்மொழி தண்டையார்பேட்டை மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள். இருபது வயதுப் பெண்ணைக் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுவான். ஷேர் ஆட்டோவில் அனுப்ப மாட்டான். "அவனுங்க பிரேக்கு சரியில்லக்கா" என்பான். இதை என்னிடமே சொல்வான். முகத்தில் ஒரு கூச்சம் இருக்க வேண்டுமே, இருக்காது.

எழில் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவுக்குச் சோறு எடுத்து வருவாள். ஷெட்டில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், வண்டிக்காரர் போனபிறகு கேட்டாள்.

"நைனா, இது ரிப்பேரா?"

"பின்ன இன்னா?"

"அடச்சுத்தான வுட்ட?"

அதற்கு மறுநாளிலிருந்து சோற்றை அவன் மனைவி பட்டம்மாள் எடுத்து வந்தாள்.

2003 மழைக்காலத்தில் ஒரு பச்சைக் கார் வந்தது. பாட்டில் பச்சை. முன்னால் இருந்த சின்னத்தை எவனோ திருடிவிட்டான், அதனால் அது எந்தக் கம்பெனி வண்டி என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கப்பல் ஏஜென்ட் ஒருவர் மூன்று மாதம் வெளிநாடு போய்விட்டு வந்து பார்த்தால் பின் சக்கரம் இரண்டும் இறுகிப்போய் நகரவே இல்லை. வரதன் என் கடை வாசலிலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி, நெம்பி, குண்டு போட்டு, பத்து நிமிடத்தில் ஓட வைத்தான். குண்டு கையில் இல்லை என்று என்னிடம்தான் இரண்டு வாங்கினான். கூட்டம் கூடி நின்று பார்த்தது. ஏஜென்ட் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் காரை விற்றுவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

2005 தை மாதம் எழிலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாரி எண்ணூர்ப் பையன், அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. வரதன் தாம்பாளத்தோடு என் வீட்டுக்கு வந்து, "மொத பத்திரிக உனுக்குத்தாங்க்கா" என்றான். கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார வைத்தான். பட்டம்மாள் எனக்குத் தனியாகப் பூ கொண்டுவந்து கொடுத்தாள். பொய் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

மண்டபம் ரயில்வே பாலத்துச் சரிவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எண்ணூருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு ஜோடித்த கார் வந்து, வாசலைத் தாண்டிக் கொஞ்சம் மேட்டில் நின்றது. பாட்டில் பச்சை. முன்னால் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப் பூ.

ஓட்டிவந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் சண்முகவேல். எண்ணூரில் பந்தல் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். இறங்கினார், டிக்கியைத் திறந்தார், வெள்ளையடித்த கல் ஒன்றை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். வரதன் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தான்.

"இன்னா சம்மந்தி கல்லப் பாக்கறீங்க?" என்று சண்முகவேல் சிரித்தார். "போன மாசந்தான் வண்டிய வாங்குனேன். கல்லும் சேத்துதான் குடுத்தாங்க. இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கு போடக் கூடாதாம். உங்க ஏரியாவுல யாரோ பெரிய மெக்கானிக்கு சொன்னாராம்."

வரதன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். ஈயாடவில்லை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மாட்டினாயா, இப்போது என்ன செய்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால், பிரேக் ஸ்பெஷலிஸ்ட் பலகை சம்பந்தி வீட்டார் முன்னால் கழன்று விழும். சொல்லாவிட்டால், மகள் அந்தக் காரில் ஏறி எண்ணூர் ரோட்டில் போக வேண்டும்.

அவன் மூன்றாவதாக ஒன்று செய்தான். சக்கரங்களுக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குப் பொட்டு வைப்பது போலக் குனிந்து, ஒரு பழத்தைக் கால் கட்டை விரலால் தள்ளிவிட்டான். அது சரிவில் உருண்டு வாசல் வாழைமரம் வரைக்கும் போயிற்று.

"ஐயோ, எலுமிச்சம்பயம் தானா உருண்டு போச்சே!" என்று கத்தினான். "சகுனமே செரியில்ல. எம் பொண்ணு இந்த வண்டில ஏறாது. ஆட்டோல போவட்டும்."

அவன் விரலை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

கொஞ்சம் சலசலப்பு. ஒரு கிழவர் சகுனத்துக்கு ஒத்து ஊதினார். சண்முகவேலுக்கு முகம் தொங்கிவிட்டது, ஆனாலும் நல்ல மனிதர். "செரி, புள்ளைங்க ஆட்டோல போவட்டும். கார்ல எங்க அம்மாவும், கொயந்தையத் தூக்கிகினு பாரி அக்காவும் வரட்டும். வண்டி சும்மா போவக் கூடாதில்ல?" என்றார்.

பாரியின் அக்கா கைக்குழந்தையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள்.

வரதன் இப்போதாவது வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். திறந்தான். "அதுவும் செரிதான்" என்றான்.

எவ்வளவு கேவலமான பிறவி! அவன் மகள் பிழைத்தாள், ஊரான் வீட்டுக் குழந்தை எப்படிப் போனால் என்ன? அந்த நிமிடம் அவனை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.

ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்த எழில் காலைக் கீழே எடுத்தாள். மாலையோடு வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"நைனா. இந்த வண்டில குண்டு போட்டுக்கிறியா?"

"இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா..."

"போட்டியா, இல்லியா?"

"இல்லம்மா. நான் இந்த வண்டியப் பாத்ததே இல்ல."

அவள் திரும்பினாள். சுற்றி இருநூறு பேர் இருக்கிறார்கள், நேராக என்னைப் பார்த்தாள்.

"அத்தே, நீங்கதான குண்டு குடுப்பீங்க. உங்க கட வாசல்லதான நைனா செய்வாரு. நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரதன் என்னைப் பார்த்தான். பட்டம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அவள் கொடுத்த பூ என் தலையில் இருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன். "கேட்ட சாமான எடுத்துக் குடுக்கவ நான்."

எழில் காரிடம் போனாள். "அக்கா, கொயந்தையத் தூக்கிகினு கீய எறங்குங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டு அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் இறங்கினாள். எழில் காருக்குப் பின்னால் நின்றவர்களைக் கையால் விலக்கினாள்.

"மாமா, கியர நியூட்ரல்ல வெச்சி, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துட்டு வாங்க."

"போடக் கூடாதுன்னாங்களேம்மா..."

"இன்னிக்கி மட்டும் போடுங்க."

சண்முகவேல் உள்ளே கைவிட்டு இழுத்தார். தடையே இல்லாமல் கடைசி வரைக்கும் வந்தது. அவர் குழம்பிப்போய் வெளியே வந்தார். எழில் பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, கல்லை இழுத்து எடுத்தாள்.

கார் ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்பக்கமாக மெதுவாக நகர ஆரம்பித்தது. ரோஜாச் சரம் ஆட, பலூன் ஆட, ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்த கார் ஓட்ட ஆளில்லாமல் சரிவில் இறங்கியது. இருபது அடி உருண்டு வாசல் வாழைமரத்தில் மோதிற்று. மரம் சாய்ந்தது, குலை காரின் கூரை மேல் விழுந்தது, தோரணத்தில் ஒட்டியிருந்த பெயர்களில் பாதி கிழிந்தது. அங்கேதான் கார் நின்றது.

குழந்தையை வைத்திருந்த பெண் அப்போதுதான் அழுதாள்.

வரதன் தட்டைக் கீழே வைத்தான். கல்யாண வேட்டியோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். வேலை செய்ய இல்லை, முகத்தை மறைக்க. சண்முகவேல் அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்து, சட்டையைப் பற்றித் தூக்கி ஓர் அறை விட்டார். யாரும் தடுக்கவில்லை. பாரி போய் ஆட்டோவில் உட்கார்ந்து, எழிலுக்குப் பக்கத்தில் இடம் விட்டான். எமகண்டம் பிறந்துவிட்டிருந்தது, அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

வரதன் பிறகு என்ன ஆனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். கறை படிந்த பனியன், பேனா இல்லை. பச்சைக் காருக்குப் பின்பக்கக் கேலிப்பர் கிட் இரண்டு கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவை. மாலையில் மறுபடியும் வந்தான்.

"பிஸ்டனு உள்ள போவ மாட்டேங்குதுக்கா. கிளாம்பு போட்டு நெருக்கிப் பாத்துட்டேன், ம்ஹூம்."

கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நான் பிரித்துப் பார்த்தேன். படம் போட்டிருந்தது. இந்த வகைப் பிஸ்டனை அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும். அத்தனை வருடமாக அந்தப் பெட்டியை விற்றவள், நானும் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு கல் வைத்த கார் ஒவ்வொன்றாகத் தேடிப் போனான். சிலர் அடித்தார்கள், சிலர் "எங்க வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று விரட்டினார்கள். எழில் அவனோடு பேச இரண்டு வருடம் ஆயிற்று, ஆனாலும் பேசினாள்.

அன்றைக்கு ஆட்டோ ஏறுவதற்கு முன் அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நான் இன்னும் சொல்லவில்லை. இத்தனை நேரம் வரதனைத் திட்டிக்கொண்டிருந்ததே அதைத் தள்ளிப்போடத்தான். அந்தக் கல் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை என் காலடியில் வைத்தாள்.

"நைனா பயந்து பொய் சொன்னாரு," என்றாள். "உங்களுக்கு இன்னா பயம் அத்தே?"

பதிலுக்குக் காத்திருந்தாள். நான் தலையிலிருந்த பூவைச் சரிசெய்தேன். ஆட்டோ போனபிறகு, மண்டபத்து ஆள் நாற்காலியை மடக்க வந்து நிற்கிற வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.